ஒரே வேகத்தில் ஓடிய விசிறி

வாலிபர் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டபோது, தாதி வேலை செய்பவர்கள் என்பதால் இரத்த அழுத்தத்தைப் பற்றியோ சீனி வருத்தத்தைப் பற்றியோ எழுதுவோம் என்று பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். இம்முறை கார் ஹீற்றரைப் பற்றி எழுதுகிறோம். வாசித்து முடிக்கும்போது இதுவும் எங்கள் நலம் பற்றிய விஷயந்தான் என்று ஒத்துக்கொள்வீர்கள் என நம்புகிறோம்.

போன மார்கழி மாதம் ஒரு காலை, இரவு வேலை முடிந்து வந்து காரை ஸ்டார்ட் பண்ணினோம். வெளியே மைனஸ் 14. எங்கள் காரில் ஹீற்றர் விசிறிக்கு நான்கு வேகம். ஒன்றில் வைத்தோம், சத்தம் இல்லை. இரண்டிலும் இல்லை, மூன்றிலும் இல்லை. நாலில் வைத்ததும் புயல் அடித்தது. அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டே தெரிவுகள்: ஒன்றில் புயல், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

ஒரு கராஜில் காட்டினோம். பார்த்தவர் காரின் உள்ளே குனியக்கூட இல்லை. “மோட்டரை முழுதாக மாற்ற வேணும், 600 டொலருக்கு மேலே வரும்” என்றார். மார்கழியில் எந்த வீட்டில் 600 டொலர் சும்மா இருக்கிறது? பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டோம். கார் ஓடுகிறதுதானே, ஹீற்றர் நாலிலாவது வேலை செய்கிறதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

ஆனால் எங்கள் வீட்டில் அப்பா வாரத்துக்கு மூன்று நாள் டயலிசிஸுக்குப் போகிறவர். முடித்து வெளியே வரும்போது அவருக்கு நடுங்கும். டயலிசிஸ் செய்கிற பலருக்கு அப்படித்தான் குளிரும். நாலில் வைத்தால் காற்று முகத்தில் அடிக்கிறது, காது இரைகிறது என்பார். நிறுத்தினால் குளிருது என்பார். ஆகவே வழி முழுக்கப் போடுவதும் நிறுத்துவதுமாக ஓடினோம்.

தை மாதம் ஒரு பின்னேரம் அப்படி நிறுத்தி வைத்திருந்த நேரத்தில், எங்கள் தெருவுக்குத் திரும்பும் சந்தியில் முன்கண்ணாடி உள்ளே இருந்து வெண்மையாகப் படிந்துவிட்டது. மூன்று பேர் மூச்சு விடும் மூடிய காரில் அதற்கு நிறைய நேரம் எடுக்காது. கையால் துடைத்துக்கொண்டே திரும்பினோம். துடைத்த அந்தச் சிறு வட்டத்துக்குள் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் தெரிந்தார். பிரேக் பிடித்தோம். கார் நின்றது. அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அன்றிரவு வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

தெரிந்தவர் பக்கத்து வாங்கில் இருந்தார்

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கார் தரிப்பிடத்தில் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நின்றோம். எங்கள் சபையின் தம்பி ஒருவர் அந்தப் பக்கமாகப் போனார். விசிறிச் சத்தம் கேட்டு நின்றார்.

“அக்கா, மற்ற ஸ்பீட் ஒண்டும் வேலை செய்யேல்லையோ?”

“இல்லைத் தம்பி. மோட்டர் பழுதாம், மாற்ற வேணுமாம்.”

“மோட்டர் பழுதெண்டால் நாலிலையும் ஓடாதெல்லோ? இது றெசிஸ்ரர் எரிஞ்சிருக்கும். அடுத்த சனிக்கிழமை நிப்பீங்களோ?”

இரண்டு நிமிடம் எடுக்கவில்லை. எங்கள் தொழிலில் முதல் பாடமே, நோயாளியிடம் கேள், பார், பிறகு முடிவு செய் என்பதுதான். எது வேலை செய்கிறது, எது வேலை செய்யவில்லை என்று அந்தத் தம்பி கேட்டார். 600 டொலர் சொன்னவர் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் தம்பியை எங்களுக்கு ஏழு வருடமாகத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் கார் திருத்தும் தொழிலைப் பழகப் போனவர். அவரைப் பற்றிப் பேச்சு வரும்போது சபையில் எங்கள் தொனி எப்படி இருந்தது என்று உண்மையாகச் சொல்ல வேண்டும். “அவன் கார் திருத்திறான்” என்று சொல்லி ஒரு பெருமூச்சு விடுவோம். அவரது அம்மாவுக்கு ஆறுதல் சொல்வது போலப் பேசுவோம். வருத்தக்காரர் வீட்டில் பேசுகிற குரல் அது. அந்தக் குரலில் பேசியவர்களில் நாங்களும் இருந்தோம். அதனால்தான் ஆறு கிழமையாக எங்கள் காரில் பழுது இருந்தும், இவரைக் கேட்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை.

விசிறிக்குள் என்ன நடக்கிறது

அந்தச் சனிக்கிழமை தம்பி எங்களுக்குச் சொல்லித் தந்ததை இங்கே எழுதுகிறோம். உங்களில் பலருக்கு இந்த வின்ரரிலேயே பயன்படும்.

எங்களுடையதைப் போன்ற என்ஜின் காரின் சூடு மின்சாரத்தில் வருவதில்லை. என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றி ஓடும் சுடுநீர், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு றேடியேற்றருக்குள்ளும் ஓடுகிறது. அதன் ஊடாகக் காற்றைத் தள்ளுவதே விசிறியின் வேலை. விசிறியின் மோட்டருக்கு 12 வோல்ற் கொடுத்தால் முழு வேகத்தில் சுற்றும். பழைய வகைக் கார்களில் வேகத்தைக் குறைக்க, மின்சாரம் போகும் வழியில் தடை வைப்பார்கள். அதுதான் றெசிஸ்ரர். ஊரில் விஞ்ஞானம் படித்த அப்பா அம்மாவைக் கேளுங்கள், ‘தடையி’ என்று சொல்லுவார்கள். ஓம் என்பவர் 1827இல் வெளியிட்ட அதே விதி.

ஒன்றில் வைத்தால் மின்சாரம் எல்லாத் தடையையும் தாண்டிப் போகிறது. இரண்டிலும் மூன்றிலும் குறைந்த தடை. நாலில் தடையே இல்லை, மின்சாரம் நேரே மோட்டருக்குப் போகிறது. ஆகவே தடையி எரிந்தால் கீழ் வேகங்கள் எல்லாம் போய், உச்ச வேகம் மட்டும் மிஞ்சும். எங்கள் காருக்கு நடந்தது இதுதான்.

ஏன் எரிகிறது? தடை பிடித்து வைக்கும் மின்சக்தி சூடாக மாறுகிறது. எடுத்துக்காட்டாக, தடையியில் 8 வோல்ற் விழுந்து 5 அம்பியர் ஓடினால் 40 வாற்ஸ். பழைய 40 வாற்ஸ் பல்ப் ஒன்றைக் கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதனால்தான் தடையியை விசிறிக் காற்று படும் குழாய்க்குள்ளேயே பொருத்தியிருக்கிறார்கள். காற்று அதைக் குளிர்விக்கும். காற்று குறைந்தால் சூடு ஏறும், எரியும். எங்கள் காரில் உட்காற்று வடிகட்டியை இழுத்து எடுத்தபோது காய்ந்த மேப்பிள் இலையும் தூசியும் பாய் போலப் படிந்திருந்தன. நாலு வருடமாக ஒருவரும் மாற்றவில்லை. தடையியை மட்டும் மாற்றி வடிகட்டியை அப்படியே விட்டிருந்தால் புதியதும் எரிந்திருக்கும் என்றார் தம்பி. காய்ச்சலுக்குக் குளிசை கொடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடாமல் விடுவது போல.

கையால் செய்தது

முதலில் காரை நிறுத்தி, பற்றரியின் மைனஸ் கம்பியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தோம். பக்கத்து ஆசனத்துக்கு முன்னால் உள்ள கையுறைப் பெட்டியைக் கழற்றினோம். அதன் கீழே, விசிறிக்குப் பக்கத்தில், இரண்டு ஆணியால் பிடித்திருந்த சின்னத் தட்டுத்தான் தடையி. வயர் முனையை இழுத்து, ஆணிகளைக் கழற்றி, வெளியே எடுத்தோம். சுருள் கம்பி கறுத்து அறுந்திருந்தது.

இடம் ஒடுக்கம். தம்பியின் கை உள்ளே போகவில்லை. “அக்கா, உங்கட கைதான் சின்னன்” என்றார். ஊசி குத்திப் பழகிய கையால் அந்த ஆணிகளைக் கழற்றினோம், புதியதைப் பூட்டினோம். தடையி 42 டொலர், வடிகட்டி 18 டொலர். முக்கால் மணித்தியாலம்.

வயர் முனை உருகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழுப்பாகி உருகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதிய தடையியும் நிலைக்காது. விசிறி கீச்சிட்டால், இழுத்து இழுத்துச் சுற்றினால், மோட்டர் தேய்ந்து அதிக மின்சாரம் இழுக்கிறது என்று அர்த்தம். அப்போது அந்தக் கராஜ்காரர் சொன்னதும் சரியாக இருக்கலாம். எந்த வேகத்திலும் ஓடாவிட்டால் ஃபியூஸ், றிலே, சுவிட்ச், மோட்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். வெப்பநிலையைத் தானே சரிசெய்யும் கார்களில் இந்தச் சுருள் தடையி இருக்காது. அதற்குப் பதில் ஓர் இலத்திரனியல் பாகம் இருக்கும். அது பழுதானாலும் விசிறி ஒரே வேகத்தில் சிக்கிக்கொள்ளலாம். சில வேளை காரை நிறுத்திய பிறகும் சுற்றிப் பற்றரியைக் குடித்துவிடும். அதன் விலையும் அதிகம்.

தாதிமாராக மூன்று எச்சரிக்கை. ஒன்று, டாஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் வயரோ மஞ்சள் முனையோ கண்டால் தொடாதீர்கள், அது பெரும்பாலும் எயார்பாக்குக்குப் போவது. இரண்டு, விசிறி நன்றாக ஓடியும் குளிர்காற்று வந்தால் பழுது வேறு. சுடுநீர் குறைந்திருக்கலாம். அதைப் பார்க்கிறோம் என்று சூடான என்ஜினில் றேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்துக்கு அடிக்கும். மூன்று, ஹீற்றர் சரியில்லை என்று காரை நெடுநேரம் கராஜுக்குள் ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள், கதவு திறந்திருந்தாலும். புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் முதலில் அகற்றுங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலையிடி, வாந்தி வருவது போன்ற உணர்வு என்றால் உடனே வெளியே வந்து 911ஐ அழையுங்கள்.

எங்கள் கருத்து

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் சபைக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு ஒரே வேகந்தான் வைத்திருக்கிறோம். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், வழக்கறிஞர். அது நாலாம் நம்பர். அதில் ஓடாத பிள்ளை நின்றுவிட்டது என்றே நினைக்கிறோம். இடையில் உள்ள எல்லா வேகத்தையும் நாங்களே எரித்துவிட்டோம்.

ஒன்ராறியோவில் கார் திருத்துநர் தொழில், உரிமம் இல்லாமல் செய்ய முடியாத தொழில். 310எஸ் என்பது அதன் குறியீடு. வேலைத்தலத்திலும் கல்லூரி வகுப்பிலுமாக ஏறத்தாழ நான்கு வருடம் பழகிப் பரீட்சை எழுத வேண்டும். ‘ரெட் சீல்’ முத்திரை கிடைத்தால் மற்ற மாகாணங்களிலும் அதற்கு மதிப்பு உண்டு. பழகும் காலத்திலேயே சம்பளமும் உண்டு. உயர்பள்ளியில் படிக்கும்போதே தொழில் பழகத் தொடங்க ‘ஓயாப்’ என்ற மாகாணத் திட்டம் இருக்கிறது. எங்கள் சபையில் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? தெரிந்தாலும் எத்தனை பேர் பிள்ளையிடம் சொல்லுவோம்?

“இவ்வளவு கஷ்டப்பட்டு இந்த நாட்டுக்கு வந்தது பிள்ளைகளின் கையில் எண்ணெய் பிடிக்கவோ?” என்று பெரியவர்கள் கேட்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வியை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. பக்டரியில் இரவிரவாக நின்று, இரண்டு வேலை செய்து, முதுகு வலிக்க எங்களைப் படிப்பித்தவர்கள் கேட்கிற கேள்வி அது. தாங்கள் பட்டதைப் பிள்ளைகள் படக்கூடாது என்ற அன்பு அதில் இருக்கிறது. ஆனால் வேறு வழியில்லாமல் பிடித்த வேலையும், விரும்பிப் பழகி உரிமம் பெற்ற தொழிலும் ஒன்றல்ல. அதோடு, எண்ணெய் பிடித்த கையைக் குறைத்துப் பேச எங்களுக்கு என்ன உரிமை? நாங்கள் பட்டம் பெற்ற தாதிமார். எங்கள் கையில் தினமும் என்னென்ன பிடிக்கிறது என்று இங்கே எழுத முடியாது. பட்டம் இருப்பதால் அதற்கு மரியாதை, பட்டம் இல்லாததால் இதற்குப் பெருமூச்சு. ஆராதனையில் நாங்கள் வணங்குகிறவர் தச்சுத் தொழில் செய்தவர். பவுல் கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர். இதைக் கேட்டு வளர்ந்த சபைக்கு இந்தப் பெருமூச்சு எங்கிருந்து வந்தது?

பெண் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. காரின் பொனற்றைத் திறப்பது அண்ணாவின் வேலை, தம்பியின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். 1893இல் சிக்காகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸ் என்ற பெண், ரயில் பெட்டியைச் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1903இல் மேரி அன்டர்சன் என்ற பெண் முன்கண்ணாடி துடைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்து 401இல் தனியாக வரப்போகிறவர்கள் நீங்கள். உங்கள் கார் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு விளங்க வேண்டும்.

எல்லாரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கராஜுக்கே போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. பிரேக், ஸ்ரியரிங் போன்றவற்றில் பழகாதவர் கை வைக்கவே கூடாது. நல்ல திருத்துநருக்கு அவருடைய கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். எங்கள் தம்பிக்கும் கொடுக்கப் போனோம், வாங்க மறுத்தார். சபைத் தம்பி என்பதற்காக அவருடைய சனிக்கிழமைகள் எல்லாருக்கும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். வைத்தியரைக் கண்டால் எல்லாரும் வருத்தம் சொல்வது போல அவரைக் கண்டால் எல்லாரும் கார் சத்தம் சொல்லத் தொடங்கினால், அவர் ஞாயிற்றுக்கிழமை வேறு வாசலால் போய்விடுவார்.

வாலிபர் சங்கத்தின் முன் இரண்டு யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, ஐப்பசி மாதத்தில், பனி விழ முன்னர், ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். சபையில் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் கற்பிக்கட்டும், அவர்களுக்குச் சன்மானம் கொடுப்போம். விசிறியின் எல்லா வேகமும், கண்ணாடிப் பனி நீக்கி, துடைப்பான், பற்றரி, ரயர் காற்று, உட்காற்று வடிகட்டி இந்த ஆறையும் ஒவ்வொருவரும் தங்கள் கையால் பார்த்துப் பழகட்டும். தனியாக இருக்கும் அம்மம்மாமாரின் கார்களையும் அன்றே பார்த்துவிடலாம்.

இரண்டாவது, ஆண்டுதோறும் நடக்கும் தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் வைத்தியருக்கும் வழக்கறிஞருக்கும் பக்கத்தில் கார் திருத்துநருக்கும் மின்தொழிலாளருக்கும் குழாய்த் தொழிலாளருக்கும் ஒரு கதிரை போடுங்கள். கடைசி வரிசையில் வேண்டாம். மேடையில்.

இப்போது எங்கள் காரில் நாலு வேகமும் வேலை செய்கின்றன. அப்பாவுக்கு இரண்டுதான் பிடிக்கும். டயலிசிஸ் முடிந்து ஏறியதும் “இரண்டில விடு பிள்ளை” என்பார், சந்தி வரும் முன் நித்திரையாகிவிடுவார். அந்தச் சந்தியில் நாங்கள் இன்னும் மெதுவாகத்தான் திரும்புகிறோம். கண்ணாடி தெளிவாக இருக்கிறது.

அடுத்த முறை அந்தத் தம்பியின் அம்மாவைக் கண்டபோது, ஆறுதல் சொல்லும் குரலில் பேசவில்லை. மகனிடம் என்ன பழகினோம் என்று சொன்னோம். அவர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். ஏழு வருடமாக அவர் எங்களிடமிருந்து கேட்காத பேச்சு அது. அதைத் திருத்த 42 டொலரும் தேவைப்படவில்லை. முன்னரே செய்திருக்கலாம்.